அறிவுத் தரவுக்கு நீர்க்குறி: மாற்றுவதா, சேர்ப்பதா, நீக்குவதா?

"இவர் இந்த ஊரில் பிறந்தார்", "இந்த மருந்து இந்த நோய்க்கு" என்று லட்சக்கணக்கான உண்மைகளைத் தொகுக்க வருடக்கணக்கில் உழைப்பு போகிறது. அதை ஒருவர் அப்படியே அள்ளிக்கொண்டு போய், "நானே திரட்டினேன், உண்மைகள் பொதுதானே" என்றால் எப்படி மறுப்பது? அதற்குத்தான் நீர்க்குறி: தரவு எங்கிருந்து வந்தது என்று பின்னால் காட்டிக்கொடுக்கும்படி, அதில் மறைத்து வைக்கும் அடையாளம். அதை வைக்க மூன்று வழிகள்.

முதல் வழி, மதிப்புகளை இம்மியளவு மாற்றுவது. ரகசியச் சாவி (உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்த குறியீடு) காட்டும் வரிசைகளில் எண்ணின் கடைசி பிட்டுகளை, அதாவது மதிப்பை மிகக் குறைவாகவே பாதிக்கும் இலக்கங்களை, திருத்தும் முறையை 2002-ல் ஆய்வாளர்கள் அக்ரவாலும் கீர்னனும் முன்வைத்தார்கள். வெப்பநிலை போன்ற அளவீடுகளுக்குச் சரி. பிறந்த ஊரைக் கொஞ்சமாக மாற்ற முடியாதே!

அடுத்தது, பொய்த் தகவல்களைக் கலப்பது. சான்று என்ற வகையில் இதற்கு இணையில்லை. இல்லாத ஆள் ஒருவர் எதிராளியின் தரவில் இருந்தாலே நகல் அம்பலம். அமெரிக்காவில் ரூரல் நிறுவனத்தின் தொலைபேசி விவரப் புத்தகத்திலிருந்து ஃபைஸ்ட் என்ற இன்னொரு நிறுவனம் எடுத்தவற்றில் 4 போலிப் பெயர்கள் அப்படித்தான் சிக்கின. ஆனாலும் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் ரூரல் தோற்றது, வெறும் உண்மைகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதால். நீர்க்குறி நகலை நிரூபிக்கும், உரிமையைச் சட்டமோ உரிம ஒப்பந்தமோதான் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996-ஆம் ஆண்டு நெறிமுறை, பெரும் முதலீட்டில் உருவான தரவுத்தளங்களுக்கு 15 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது.

என்றாலும் பொய்யைக் கலப்பதை நான் ஏற்கவில்லை. இந்தத் தரவிலிருந்து மென்பொருள்கள் புதிய முடிவுகளை வருவிக்கின்றன. மருந்துத் தரவில் ஒரு பொய் எங்கே போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

என் தேர்வு மூன்றாவது வழி. ஆய்வாளர்கள் சுசானெக், குரோஸ்-அம்பிளார், அபிதெபூல் ஆகியோர் 2011-ல் சொன்னது: வெளியிடும் முன் ரகசியச் சாவி தேர்ந்தெடுக்கும் சில உண்மைகளை நீக்கிவிடுவது. சொந்தமாகத் திரட்டியவரிடம் அவற்றில் கணிசமானவை இருந்தாக வேண்டும். அத்தனையும் காணோம் என்றால் தற்செயல் என்று சொல்லித் தப்புவது கடினம். எதுவும் பொய்யாகவில்லை, விடுபட்டவை எவை என்பதும் திருடியவருக்குத் தெரியாது. பலவீனமும் உண்டு: வேறு மூலங்களைச் சேர்த்தால் ஓட்டைகள் அடைபடும், சிறு பகுதியை மட்டும் எடுத்தால் சான்று மெலியும்.

அப்புறம், சாவி விஷயம். எந்தத் தரவை எடுத்தாலும், அதற்குப் பொருந்துகிற ஒரு சாவியைப் பின்னால் தேடிக் கண்டுபிடித்து யாரும் உரிமை கோரலாம். அதனால் சாவியின் ஹாஷ் மதிப்பை (சாவியை வெளிக்காட்டாமலே அதை அடையாளம் காட்டும், கணக்கிட்டுப் பெறும் குறியீட்டை), தரவு வெளியாகும் முன்பே தேதியோடு நம்பகமான ஓரிடத்தில் பதிவுசெய்துவிட வேண்டும்.