வாசல் லைட்: வெள்ளையா, மஞ்சளா, சென்சாரா? பூச்சிக்கு எது கெடுதல் கம்மி

ராத்திரி லைட்டால பூச்சிக்கு என்ன ஆகுதுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் கலர்லயே நின்னுடுறாங்க. கலர் முக்கியம்தான், ஆனா அதுக்கு நாம போடுற மார்க் ரொம்ப ஓவர்னு எனக்குத் தோணுது.

முதல்ல வெள்ளை எல்இடி. கடையில சும்மா பல்பு குடுங்கன்னா எடுத்து நீட்டுற, லேசா நீலம் அடிக்குற வெள்ளை (டப்பாவுல 6500 கெல்வின்னு போட்டிருக்கும்). பழைய மெர்குரி லைட்டுல இருந்த புற ஊதா இதுல கிட்டத்தட்ட இல்ல, அதனால பூச்சி வராதுன்னு சொல்லி விக்குறாங்க, ஆனா நீலம் கொட்டிக் கிடக்கே, பூச்சிக் கண்ணுக்கு அதுவும் பளிச்சுன்னுதான் தெரியும். நியூசிலாந்துல பண்ணி 2014ல வந்த ஆய்வுல சோடியம் லைட்டை விட வெள்ளை எல்இடி 48% அதிகமா பூச்சியை இழுத்துச்சு.

அப்போ அந்த ஆரஞ்சு சோடியம் தெருவிளக்கே நல்லதா? ஓரளவுக்கு. இங்கிலாந்துல ரோட்டோர வேலிச்செடியில அந்துப்பூச்சியோட புழுவை எண்ணிப் பாத்தாங்க (2021), லைட் இருக்குற இடத்துல 47% கம்மி, புல்லுல 33% கம்மி, எல்இடி கீழ நிலைமை இன்னும் மோசம், சோடியம் கீழ கொஞ்சம் பரவால்ல அவ்ளோதான். லைட்டைச் சுத்தி பூச்சி மொய்க்கலைன்னா பாதிப்பே இல்லன்னு நாம நினைக்குறோம், ஆனா தாய்ப்பூச்சி அந்தப் பக்கம் முட்டை வைக்குறதையே குறைச்சிருந்தா நம்ம கண்ணுக்கு எப்படித் தெரியும்?

வார்ம் எல்இடி, அதாவது மஞ்சள் சாயல்ல எரியுற எல்இடி விஷயத்துல ஆய்வுகளே ஒத்துப் போகல. சிலதுல கம்மியா இழுக்குது, மேல சொன்ன நியூசிலாந்து ஆய்வுல வார்ம், கூல் (நீலச் சாயல் வெள்ளை) எல்லாம் ஒண்ணுதான். அதைத் தாண்டி சுத்தமா நீலமே இல்லாத ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) லைட்டுக்குப் போனா அந்துப்பூச்சிக்கு நிம்மதி, ஆனா மின்மினிக்கு அதுதான் வில்லன்! அமெரிக்க மின்மினி இனம் ஒண்ணுல பளிச்சுன்னு ஆம்பர் லைட் அடிச்சப்போ பொண்ணு மின்மினிங்க ஆணுக்கு பதில் சிக்னல் குடுக்குறதையே ரொம்பக் குறைச்சிடுச்சு, ஏன்னா அதுங்க மினுக்குற மஞ்சள் பச்சைக்கு ஆம்பர் ரொம்ப பக்கம். ஆனைமலை மாதிரி மின்மினி கூட்டமா மினுக்குற காட்டோரத்துல ரிசார்ட் வச்சுட்டு "ஆம்பர் போட்டாச்சு, இயற்கைக்கு நல்லது"ன்னு சொல்றது இங்கதான் இடிக்குது.

(கொசுவுக்காக நீல லைட் மெஷின் மாட்டுறவங்களுக்கு: 1996ல அமெரிக்காவுல வெளிய மாட்டுன மெஷின்ல செத்த 13,789 பூச்சியை எண்ணினாங்க, அதுல கடிக்குறது வெறும் 31.)

எனக்கு கலரை விட திசைதான் பெருசு. கோஸ்டாரிகாவுல ஹைஸ்பீட் கேமரா வச்சு எடுத்து 2024ல வந்த ஆய்வு சொல்றது இதான், பூச்சி லைட்டை நோக்கி வரல, வெளிச்சம் எந்தப் பக்கமோ அதுதான் வானம்னு நினைச்சு முதுகை அதுக்குக் காட்டுது, அதனாலதான் வெளிய போக முடியாம சுத்திக்கிட்டே கிடக்குது, லைட்டுக்கு மேல பறந்தா மல்லாந்து கீழ விழுது. அப்போ கீழ இருந்து மரத்துக்கு அடிக்குற ஃபோகஸ் லைட், சுத்தி நாலு பக்கமும் எரியுற குண்டு லைட் ரெண்டும் எந்தக் கலர்னாலும் முதல்ல கழட்ட வேண்டியது. மேல பக்கம் மூடுன ஷேடு போட்டு கீழ மட்டும் விழுற மாதிரி வச்சா சாதா வார்ம் பல்பே போதும்.

இதுக்கும் மேல சென்சார் லைட், யாராவது நடமாடுனா மட்டும் எரிஞ்சு தானா அணையுறது. சுவிட்சர்லாந்துல இருட்டா இருந்த புல்வெளியில லைட்டைப் போட்டதும் ராத்திரி பூவுக்கு வர்ற பூச்சிங்க வரவு 62% குறைஞ்சுது (2017), அதனால எரியாத நேரம் எவ்ளோ அதிகமோ அவ்ளோ லாபம். கரண்ட் பில்லும் குறையும்.

என் ஓட்டு ஷேடு போட்ட வார்ம் பல்பு கூட சென்சார், ஆம்பருக்கு எக்ஸ்ட்ரா காசு வேண்டாம். வாங்குறப்போ டைமர், சென்சிட்டிவிட்டி ரெண்டையும் மாத்துற மாடலா பாத்து வாங்குங்க, டைமை குறைச்சு வச்சு சென்சாரை ரோட்டுப் பக்கம் திருப்பாம மாட்டுங்க, இல்லன்னா போற வர்ற பைக்குக்கும் தெரு நாய்க்கும் விடிய விடிய எரியும்.