பாலிதீன் கூரையா, சருகு மூடாக்கா?

பனி விழும் நாடுகளில் காய்கறித் தோட்டத்தை முடக்குவது குளிர். நம் ஊரில் அந்த வேலையை ஐப்பசி, கார்த்திகை மழை செய்கிறது. இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கம் தோவாளையைவிடக் கூடுதல். இதில் கத்தரியையும் மிளகாயையும் காப்பாற்ற இரண்டு வழிகள் சொல்வார்கள்: மேலே பாலிதீன் கூரை, கீழே சருகு மூடாக்கு. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

நாற்றுப் பருவத்தில் கூரைக்கு ஈடில்லை. ஓயாத ஈரத்தில் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்வதை அது வெகுவாகக் குறைக்கும். ஆனால் வளர்ந்த செடிக்கு? கூரையிலிருந்து வழிந்த நீர் பாத்தி ஓரத்தில் கொட்டி, அடிவழியாக உள்ளே வந்தது. இலை நனையாமலே வேர் மூச்சுமுட்டி, செடி மஞ்சளித்தது. பிறகு 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். மாவட்டமெங்கும் வாழையும் ரப்பரும் சாய்ந்த அன்று என் கூரை யாருடைய விளையில் போய் விழுந்ததோ, நான் தேடவில்லை.

மறுநாள் கண்ணில் பட்டது சேனைதான். மாசியில் நட்டது, காற்று வரும் முன்பே இலையைக் கைவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் ஒடுங்கியிருந்தது. பலாவின் அடியில் சருகு கிடந்த மேட்டிலும் மண் கரையவில்லை.

அதைப் பார்த்துத்தான் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, ஓரத்தில் கதம்பலை, அதாவது உரித்த தேங்காய் மட்டையை, அடுக்கி, மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகு பரப்பினேன். மழைத்துளி மண்ணில் அறைந்து தெறிக்கும் சேறுதான் பூஞ்சையை அடியிலைக்கு ஏற்றுகிறது. அந்த அறையைச் சருகு வாங்கிக்கொள்கிறது. மேடு இல்லாமல் சருகு மட்டும் போட்டால் வெறும் சொதசொதப்புத்தான்.

சருகுக்கும் ஒரு பெரிய குறை உண்டு: ஆப்பிரிக்க நத்தை. தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விட்டு, இருட்டியபின் டார்ச்சுடன் போய்ப் பொறுக்க வேண்டும். பப்பாளித் தோலை வைத்தால் கூடிவிடும், வெறுங்கையால் தொடாதீர்கள். செலவு என்று பார்த்தால், அக்கம்பக்கத்தார் எரிப்பதற்கு முன் போய்க் கேட்டு வாங்கும் வெட்கம் மட்டும்தான்.

இந்த ஐப்பசிக்கு நாற்றங்காலுக்கு மட்டும் கட்டில் அகலத்தில் கூரை. புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் கழற்றிவிடலாம். மற்றதெல்லாம் சருகு. மொட்டைமாடியில் பைகளில் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பையின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே முதல் வேலை.