ஹாரி பிரவுனின் 'ஃபெயில்-சேஃப் இன்வெஸ்டிங்': கணித்துப் புகழ்பெற்றவர் கணிப்புக்கு எதிராக எழுதிய நூல்

டாலரின் மதிப்பு குறைக்கப்படும் என்று 1970இல் நூல் எழுதி, மறு ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்ததும் பெரும்பெயர் பெற்றவர் அமெரிக்க முதலீட்டு ஆலோசகர் ஹாரி பிரவுன். கட்டற்ற சந்தையில் அழுத்தமான நம்பிக்கை கொண்ட அவர், 1996இலும் 2000இலும், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் லிபர்டேரியன் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் போட்டியிட்டார். அவர் 1999இல் வெளியிட்ட இச்சிறு நூலை, அதிலுள்ள ஒரே ஒரு யோசனைக்காகவே வாங்கலாம்.

பொருளாதாரம் அடுத்து எங்கே போகும் என்பதை எவராலும் தொடர்ந்து சரியாகச் சொல்ல முடியாது என்கிறார் பிரவுன். சரியாகச் சொன்னதால் புகழடைந்தவரே இப்படி எழுதுவதால் அதற்குத் தனி எடை உண்டு. ஆகவே இழக்கக் கூடாத பணத்தைப் பங்குகள், நீண்டகால அரசுக் கடன்பத்திரங்கள், தங்கம், ரொக்கம் என்ற நான்கிலும் 25 சதவீதமாகப் பிரித்து வைக்கச் சொல்கிறார். செழிப்பில் பங்குகளும், பணவீக்கத்தில் தங்கமும், விலைவாசி பொதுவாக இறங்கும் பணவாட்டத்தில் கடன்பத்திரங்களும் கைகொடுக்கும். மந்தநிலையில் மற்றவை சரியும்போது ரொக்கம் தாங்கும். இந்த நான்கில் ஏதேனும் ஒன்று மொத்தத்தில் 35 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ 15 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினாலோ மீண்டும் சமன் செய்ய வேண்டும். ஊகத்தில் ஈடுபட விரும்புவோர், போனாலும் பரவாயில்லை என்ற பணத்தைத் தனியே ஒதுக்கிக்கொள்ளலாம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதிலுள்ள ஒரு முரண். ரொக்கம் என்று அவர் சொல்வதும் பெரும்பாலும் அமெரிக்கக் கருவூலத்தின் குறுகியகாலக் கடன்பத்திரங்களே என்பதால், அரசைச் சற்றும் நம்பாத ஒருவரின் திட்டத்தில் பாதிப் பணம் அரசுக்கே கடனாகப் போகிறது. வரி விதிக்கவும் நோட்டு அடிக்கவும் உரிமையுள்ள கடன்காரர் பணத்தைத் திருப்பித் தராமல் போகமாட்டார் என்ற கணக்கு அது. கொள்கையை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்ட அந்த நேர்மையை மதிக்கிறேன்.

குறைகளும் இல்லாமலில்லை. பங்குச் சந்தை ஆண்டுக்கணக்கில் ஏறும் காலங்களில் இத்திட்டம் பின்தங்கும். 2022இல் வட்டி வேகமாக உயர்ந்து பங்குகளும் நீண்டகாலப் பத்திரங்களும் சேர்ந்தே விழுந்தபோது இதுவும் அடிவாங்கியது. அவருடைய கருத்திலிருந்து 1982இல் தோன்றிய 'பெர்மனென்ட் போர்ட்ஃபோலியோ' பரஸ்பர நிதியை இந்நூலின் சூத்திரம் என்று எண்ணி வாங்குவோரும் கவனிக்க வேண்டும்: அதில் வெள்ளியும் சுவிஸ் பிராங்க் சொத்துகளும் உண்டு, பங்கீடும் வேறு. தங்கம் என்று பிரவுன் குறிப்பிடுவது, உலோகத்தின் மதிப்பை ஒட்டிய விலைக்கு விற்கப்படும் நாணயங்களை. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய நகையை அந்த 25 சதவீதத்தில் சேர்த்தால் கணக்கு பொய்த்துவிடும்.