பாஸ்டியனா, வயர்கார்டா, செஷன் மேனேஜரா: சர்வருக்குள் நுழைய எந்த வழி?

கிளவுடில், ஃபயர்வாலுக்குப் பின்னால், பொது ஐபி இல்லாமல் இருக்கும் லினக்ஸ் சர்வர்களுக்குள் அட்மின் எப்படிப் போவது? பரவலாக இருப்பவை மூன்று வழிகள்: பாஸ்டியன் ஹோஸ்ட் (நடுவில் நிற்கும் நுழைவு மெஷின்), வயர்கார்ட் போன்ற விபிஎன், கிளவுட் நிறுவனமே தரும் வாசல். மூன்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் சர்வர்கள் எல்லாம் மூன்றாவது வகையான ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) செஷன் மேனேஜரில்தான் இருக்கின்றன. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் போர்ட் 22-ஐ ஊருக்கே திறந்து வைப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அலுவலக ஐபிக்கு மட்டும் திறப்பது தேவலை. ஆனால் வீட்டு பிராட்பேண்ட் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், போன் ஹாட்ஸ்பாட் என்றால் முகம் தெரியாத பலருடன் ஒரே ஐபியைப் பகிர்கிறோம். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று சேர்த்த விதிகள் செக்யூரிட்டி குரூப்பில் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபயர்வால் விதிகள்) நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

பாஸ்டியன் பழைய வழி, புரிந்துகொள்ளவும் எளிது. பொது சப்நெட்டில் (நெட்வொர்க்கில் இணையத்துக்குத் திறந்த பகுதி) ஒரு சின்ன மெஷின், அதில் மட்டும் எஸ்எஸ்எச் திறந்திருக்கும், மற்றவை அதிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். 2016-ல் ஓபன்எஸ்எஸ்எச் 7.3-இல் ப்ராக்ஸிஜம்ப் வந்தபின் ஒரே கட்டளையில் தாண்டிப் போகலாம், பிரைவேட் கீயை நடுவில் உள்ள மெஷினில் வைக்கவும் வேண்டாம். செலவும் குறைவு. 2024 பிப்ரவரியிலிருந்து ஏடபிள்யூஎஸ் பொது ஐபிவி4-க்கு மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, மாதத்துக்குச் சுமார் மூன்றரை டாலர், அப்புறம் மெஷின் வாடகை.

சங்கடம் எங்கே என்றால், அந்தச் சின்ன மெஷினை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டையை குவாலிஸ் வெளியிட்டது (சிவிஇ-2024-6387). லாகின் செய்யாமலேயே ரூட் (முழு) அதிகாரத்தில் நிரலை ஓட்டக்கூடிய ரகம். சுரண்டுவது சுலபமில்லை என்றாலும், அன்று எல்லோரும் முதலில் ஓடியது இணையத்துக்கு முகம் காட்டி நிற்கும் பாஸ்டியனுக்கு பேட்ச் போடத்தான். வேறு எந்த வேலையும் செய்யாத மெஷின் என்பதாலேயே மற்ற நாட்களில் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழியான விபிஎன்னில் வயர்கார்ட் எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள். 2020-ல் லினக்ஸ் கெர்னல் 5.6-இல் சேர்ந்தது. ஒரே ஒரு யுடிபி போர்ட், சரியான கீ இல்லாமல் வரும் பாக்கெட்டுக்குப் பதிலே தராது, ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. கான்ஃபிக் கோப்பு ஒரு பக்கத்தைத் தாண்டாது. இணைந்துவிட்டால் சர்வர் மட்டுமல்ல, டேட்டாபேஸ், உள் டாஷ்போர்டு எல்லாம் பக்கத்து அறையில் இருப்பது போலக் கிடைக்கும். தினசரி வசதியில் மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, பிறகு ஏன் அதில் நிற்கவில்லை? எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில், அவருடைய நுழைவை எத்தனை இடத்தில் போய் அழிக்க வேண்டும்?

பாஸ்டியன் வழியில் அவருடைய பப்ளிக் கீ பாஸ்டியனிலும் இருக்கும், பின்னால் உள்ள ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும். அன்சிபிள் (பல சர்வர்களில் ஒரே நேரத்தில் மாற்றம் செய்யும் கருவி) வைத்துத் துடைக்கலாம், துடைத்துவிட்டதாக நிம்மதியும் அடையலாம். ஆனால் அவர் இருந்த காலத்தில் எடுத்த மெஷின் இமேஜுக்குள் (சர்வரின் முழு நகல்) அந்தக் கீ உறங்கிக்கொண்டிருக்கும். தேவைக்கேற்ப சர்வர்களைத் தானே கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங் அந்த இமேஜிலிருந்து புது சர்வரை எழுப்பினால் கீயும் கூடவே எழுந்து வரும். இன்னொன்று, பல குழுக்களில் எல்லோரும் 'உபுண்டு' என்ற ஒரே பயனர் பெயரில்தான் நுழைகிறார்கள். யார் வந்தார் என்று லாகில் பார்த்தால் கீயின் ஃபிங்கர்பிரிண்ட் இருக்கும், ஆனால் எந்த ஃபிங்கர்பிரிண்ட் யாருடையது என்ற பட்டியலை யார் பராமரிப்பது? எஸ்எஸ்எச் சர்டிஃபிகேட் இதற்கு முறையான மருந்து. 2010-லிருந்தே ஓபன்எஸ்எஸ்எச்சில் இருக்கிறது, சில மணி நேரத்தில் காலாவதியாகும்படி கொடுக்கலாம். ஆனால் அதை வழங்கும் கீயைப் பாதுகாப்பதும், வழங்கும் சேவையை ஓட்டுவதும் சின்னக் குழுவுக்குத் தனி வேலை.

வயர்கார்ட் கான்ஃபிக்கில், வேலையை விட்டுப் போனவரின் பியர் வரியை (அவர் கீ பதிந்திருக்கும் இடம்) நீக்கினால் அவர் நெட்வொர்க்கிலிருந்து வெளியே. இது நல்லதுதான். ஆனால் விபிஎன் என்பது தெரு வாசல் மட்டுமே, உள்ளே எஸ்எஸ்எச் கீ கதை அப்படியே தொடரும். வயர்கார்டின் கீக்கு காலாவதி கிடையாது, பயனர் பெயர் கிடையாது, எம்எஃப்ஏ (கூடுதல் சரிபார்ப்பு) கிடையாது. கீ உள்ள கான்ஃபிக் கோப்பை வேறொரு லேப்டாப்புக்கு நகலெடுத்தால் வயர்கார்டுக்கு வித்தியாசம் தெரியாது. டெயில்ஸ்கேல் போன்றவை வயர்கார்டின் மேல் எஸ்எஸ்ஓ (ஒரே கணக்கில் பல சேவைகளுக்குள் நுழைவது) லாகினைச் சேர்த்து இந்தக் குறையை அடைக்கின்றன. வெளிச் சேவை ஒன்றை நம்ப உங்களுக்குத் தயக்கமில்லை என்றால் அதைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

செஷன் மேனேஜர் வேலை செய்யும் விதமே வேறு. சர்வருக்குள் இருக்கும் ஏஜென்ட் தானே வெளியே போர்ட் 443 வழியாக ஏடபிள்யூஎஸ்ஸை அழைத்துக் காத்திருக்கிறது. அதனால் செக்யூரிட்டி குரூப்பில் உள்வரும் விதி ஒன்றுகூட வேண்டாம், எஸ்எஸ்எச் கீ வேண்டாம், எஸ்எஸ்எச் சேவையையே நிறுத்தி வைக்கலாம். யார் நுழையலாம் என்பதை முடிவு செய்வது ஐஏஎம், அதாவது ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி அமைப்பு. எஸ்எஸ்ஓவில் ஒருவரை முடக்கினால் அவரால் புதிதாக நுழைய முடியாது, இமேஜுக்குள் உறங்குவதற்கும் எதுவும் இல்லை. அவர் கையில் இன்னும் செல்லும் தற்காலிக டோக்கன், தனி ஆக்சஸ் கீ, ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் ஆகியவற்றை மட்டும் தனியாகப் பார்த்து முடிக்க வேண்டும். யார், எந்த சர்வரை, எப்போது திறந்தார் என்பது கிளவுட்டிரெயிலில் (ஏடபிள்யூஎஸ்ஸின் செயல் பதிவேடு) ஆள் பெயரோடு பதிவாகும். தணிக்கைக்காரர் கேட்டால் காட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குறைகள் இல்லாமலில்லை. இசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை சர்வர்) மெஷின்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் இணையமே இல்லாத சப்நெட் என்றால் விபிசி எண்ட்பாயிண்ட்கள் (இணையம் வழியே போகாமல் ஏடபிள்யூஎஸ் சேவைகளை அடையும் தனி வாசல்கள்) தேவை, அவற்றுக்கு ஒவ்வொரு ஏஇசட்டுக்கும் (டேட்டா சென்டர் பகுதி) மணிநேரக் கட்டணம் ஓடும். பாஸ்டியனைவிட மாதச் செலவு கூடிவிடலாம். அந்த எண்ட்பாயிண்டின் செக்யூரிட்டி குரூப்பில் 443-ஐ அனுமதிக்காமல் விட்டுவிட்டு, ஏஜென்ட் ஏன் தெரியவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

இதைவிட முக்கியமானது, ஆபத்து மறையவில்லை, ஐஏஎம்முக்கு இடம் மாறியிருக்கிறது. செஷன் திறந்தால் வழக்கமாகக் கிடைக்கும் பயனருக்கு சுடோ (ரூட்டாகக் கட்டளை ஓட்டும்) அதிகாரம் உண்டு. ரன் கமாண்ட் (செஷன் திறக்காமலே சர்வருக்குக் கட்டளை அனுப்பும் வசதி) அனுமதி வைத்திருப்பவர் ரூட்டாகவே கட்டளை ஓட்டலாம். டெவலப்பருக்குப் போகிற போக்கில் எஸ்எஸ்எம் (செஷன் மேனேஜரும் ரன் கமாண்டும் அடங்கிய சேவை) முழு அனுமதி கொடுத்தால் எல்லா சர்வரின் சாவியையும் கொடுத்தது போலத்தான். டேக் வைத்து எந்த சர்வருக்கு யார் என்று வரம்பு போடுங்கள், எம்எஃப்ஏவைக் கட்டாயமாக்குங்கள். தட்டச்சு செய்ததையெல்லாம் எஸ்3 என்ற ஏடபிள்யூஎஸ் சேமிப்பில் வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் போர்ட் ஃபார்வர்டிங் (சர்வரின் ஒரு போர்ட்டை உங்கள் லேப்டாப்புக்கு இழுப்பது) செய்தாலோ செஷன் மேனேஜருக்குள் எஸ்எஸ்எச்சை ஓட்டினாலோ உள்ளே நடந்தது பதிவாகாது.

மற்ற கிளவுடுகளில் என் கை அவ்வளவு ஓடியதில்லை. கூகுளில் ஐஏபி இதே யோசனைதான், ஆனால் அங்கே 35.235.240.0/20 என்ற வரம்பிலிருந்து வரும் இணைப்பை ஃபயர்வாலில் அனுமதிக்க வேண்டும், எஸ்எஸ்எச் சேவையும் ஓட வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் பாஸ்டியன் பிரவுசரிலேயே ஆர்டிபி (விண்டோஸ் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் வழி) தருகிறது. விண்டோஸ் சர்வர்கள் அதிகம் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்பதைவிட அதை ஓட்டுபவர்களைக் கேட்பது நல்லது. இந்த வசதிகள் எதுவும் இல்லாத மலிவு விபிஎஸ் (வாடகை சர்வர்) என்றால் யோசிக்காமல் வயர்கார்ட்.

செஷன் மேனேஜருக்கு மாறுபவர்கள் மாற்று வாசல் ஒன்றை முதல் நாளே தயார் செய்துவிடுங்கள். டிஸ்க் நிரம்பியோ மெமரி தீர்ந்தோ ஏஜென்ட் விழுந்துவிட்டால் அது இல்லாமல் உங்களுக்கு வேறு வழி இருக்காது. நைட்ரோ (ஏடபிள்யூஎஸ்ஸின் புதிய தலைமுறை) மெஷின்களில் இசி2 சீரியல் கன்சோல் (நெட்வொர்க் இல்லாமலே மெஷினுக்குள் நுழையும் திரை) உண்டு, ஆனால் அக்கவுண்ட் அளவில் அதை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும், லினக்ஸில் பாஸ்வேர்ட் உள்ள ஒரு பயனரும் இருக்க வேண்டும். சர்வர் விழுந்த பிறகு அந்தப் பாஸ்வேர்டை வைக்க உள்ளே போக முடியாது.