துணிப் பேனா, துணி கிரேயான்: பல சலவை கண்ட பிறகு ஒரு மதிப்பீடு

வரைந்த அன்று எல்லாத் துணியும் அழகாகத்தான் இருக்கும். பத்துச் சலவை தாண்டிய பிறகு எது நிற்கிறது, எது வெளிறுகிறது என்று பார்த்தால்தான் எதற்குக் காசு கொடுக்கலாம் என்பது தெரியும். 3 ஆண்டுகளாக, 2 வயதிலிருந்து 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான கைவினை வகுப்புகளில் பிரஷ், தண்ணீர்க் கிண்ணம், பாலெட் எதுவும் இல்லாமல் துணியில் நிறம் போடும் வழிகளைத் தொடர்ந்து பயன்படுத்தியதில் கண்டவை இவை.

முதலில் துணி. காடாத் துணிப் பைதான் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தம். நெருக்கமான நெசவு, இழுத்தால் நீளாது, விலையும் குறைவு. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு வெற்றுத் துணிப்பைகள் முன்பைவிட எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் மஞ்சள் பையின் மேல் நீலப் பேனா பச்சையாகத்தான் தெரியும். பேனா மை ஒளி ஊடுருவும் வகை. அடியிலுள்ள நிறத்தை மறைக்காது. ஆகவே வெள்ளை அல்லது வெளுக்காத காடாதான் நல்லது.

புதுப் பையை அப்படியே கையில் கொடுக்கக் கூடாது. நெசவின்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். மை நூலுக்குள் போகாமல் கஞ்சியின் மேல் உட்கார்ந்து, முதல் சலவையில் கஞ்சியோடு சேர்ந்து கழன்றுவிடும். "பேனா சரியில்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஒரு முறை நன்றாகத் துவைக்கவும். மணத்துக்கும் மென்மைக்கும் கடைசியாக ஊற்றும் திரவம் வேண்டாம், அது நூலின் மேல் படலமாகப் படியும். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல நின்றால் கஞ்சி இன்னும் இருக்கிறது, மறுபடியும் துவைக்க வேண்டும். விட்டவுடன் உறிஞ்சிவிட்டால் துணி தயார். காடா முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால், வரைந்த பிறகு பை கோணிக்கொள்ளும் தொல்லையும் இதில் தீர்ந்துவிடும்.

அடுத்து, பைக்குள் ஒரு பரீட்சை அட்டையைச் செருகவும். மை பின்பக்கம் ஊறாது, கைக்குக் கெட்டியான தளம் கிடைக்கும், மேலேயுள்ள கிளிப் துணியை நகராமல் பிடித்துக்கொள்ளும். டி-ஷர்ட் என்றால் உள்ளே அட்டை வைத்து, முதுகுப் பக்கம் துணியை லேசாக இழுத்து மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். பனியன் துணி நீளும். இழுக்காமல் வரைந்தால் பேனா முனை துணியையே தள்ளிக்கொண்டு போய்க் கோடு விட்டுவிட்டு விழும். அளவுக்கு மீறி இழுத்தால் டேப்பை எடுத்ததும் படம் குறுகிப்போகும்.

இனி பேனா. பள்ளிக்கு வாங்கும் ஸ்கெட்ச் பேனா நீரில் கரையும் சாயம். ஒரே சலவையில் போய்விடும். துணிக்கென்று விற்கும் பேனாவில் நிறமித் தூளும் அதை நூலோடு ஒட்டவைக்கும் பிசினும் இருக்கும். பெட்டியின் மேல் 'துணிக்கு' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, இஸ்திரி போட்டு நிறத்தை நிலைக்கச் செய்யும் முறையும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெர்மனன்ட் மார்க்கரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள கரைப்பானின் நெடி மூடிய அறைக்கு ஆகாது, கோடும் நாளாக ஆக ஓரத்தில் கசிந்து பழுப்பு வளையம் கட்டுகிறது.

காடாவில் பேனா முனையை வைத்து அசைக்காமல் இரண்டு மூன்று விநாடி விட்டுப் பாருங்கள். புள்ளி வட்டமாகப் பெரிதாகாது. பாவு நூல் வழியே மேலும் கீழும், ஊடை நூல் வழியே இடமும் வலமும் ஓடி ஒரு சின்னக் கூட்டல் குறியாக விரியும். பிள்ளைகள் யோசிக்கும்போது முனையைத் துணியிலேயே ஊன்றிக்கொண்டு யோசிப்பார்கள். கண்ணுக்கு வைத்த புள்ளி கண் முழுக்கப் பரவிப்போவது அதனால்தான். "யோசிக்கும்போது பேனாவைத் தூக்கு" என்ற ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஈரக் கையும் கூடாது. துணி கொஞ்சம் ஈரமானாலும் மை இன்னும் தூரம் ஓடும்.

வெளிர் நிறம் முதலில், கறுப்பு கடைசியில். கறுப்பு காய்வதற்கு முன் மஞ்சள் பேனா அதைத் தொட்டால், முனை கறுப்பை உறிஞ்சிக்கொண்டு அதன் பிறகு அழுக்கு மஞ்சளைத்தான் தரும். உடனே ஒரு கழிவுத் துணியில் கிறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சொரசொரப்பான துணியில் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தால் முனை பஞ்சாகப் பிரியும், ஒரே திசையில் இழுக்கப் பழக்குங்கள். பெரிய பரப்பை நிரப்பப் பேனா ஏற்றதில்லை. ஒரு யானையின் உடம்பை நிரப்புவதற்குள் பேனாவின் மையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஓரக்கோடு பேனாவில், உள்நிரப்பு கிரேயானில் என்று பிரித்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும்.

கிரேயானில் மூன்று தினுசு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை, பணம் வீணாவதும் இங்கேதான்.

பருத்தித் துணியில் நேராக வரையும் துணி கிரேயான் ஒன்று. 4, 5 வயதுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. மூடி திறந்து கிடந்து காய்ந்துபோகும் கவலை இல்லை, ஊறாது, கையில் பட்டாலும் சோப்பில் போய்விடும். குறை என்றால் துகள் உதிரும். அதைக் கையால் தட்டினால் நீளமாகத் தீற்றிக்கொள்ளும். துணியைச் செங்குத்தாகத் தூக்கி உதறவும்.

இரண்டாவது, காகிதத்தில் வரைந்து இஸ்திரியால் துணிக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் கிரேயான். சூட்டில் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்காரும் சாயம் இதில் இருக்கிறது. ஆகவே பாலியஸ்டர் துணியில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் நிற்பது இதுதான். ஆனால் முழுப் பருத்தியில் மங்கலாக ஒட்டி, துவைத்தால் போய்விடும். பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்த துணி வேண்டும். துணி எதுவென்று சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, பெரியவர்கள் மட்டும் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். படம் துணியில் இடம் வலமாக மாறி விழும். 'அம்மா' என்று எழுத வேண்டுமானால், காகிதத்தில் எழுதி, ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, பின்பக்கம் தெரிவதைப் பார்த்து வரைய வேண்டும். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கவும், தேய்க்கக் கூடாது. காகிதம் நகர்ந்தால் நிழல்போல இரட்டைப் படம் விழும். காகிதத்தில் ஒட்டியிருக்கும் துகள் ஒவ்வொன்றும் துணியில் ஒரு புள்ளி ஆகிவிடும், முன்பே ஊதிவிடுங்கள்.

மூன்றாவது, வீட்டிலிருக்கும் சாதாரண மெழுகு கிரேயான். 100 அல்லது 120 எண் உப்புத்தாளில் கனமாக வரைந்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து இஸ்திரி போட்டால் புள்ளிப் புள்ளியாக அழகான அச்சு வரும். பிள்ளைகளுக்கு இதில் ஆசை அதிகம். சலவையில் மங்கும் என்பதால் சுவரில் தொங்கவிடும் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2, 3 வயதுக் குழந்தைக்குப் பேனா மூடியே ஆபத்து. 15 சென்டிமீட்டர் சதுரத் துணியை ஜிப் கவரில் போட்டு, துணி பெயின்ட் நான்கைந்து சொட்டு விட்டு, காற்றை வெளியேற்றி மூடி, வாயை டேப்பால் ஒட்டித் தரையிலும் ஒட்டிவிடலாம். குழந்தை மேலே அழுத்தி விளையாட, உள்ளே நிறம் பரவும். மஞ்சளும் சிவப்பும், அல்லது மஞ்சளும் நீலமும் என இரண்டே நிறம் போதும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சேற்று நிறம். பெயின்ட் அதிகமானால் காய்ந்ததும் அட்டைபோல விறைத்து வெடிக்கும்.

எந்த வகையானாலும், வரைந்தது நிற்பதும் போவதும் பெரும்பாலும் இஸ்திரியில்தான் இருக்கிறது, அது முழுக்கப் பெரியவர்கள் வேலை. பேனாவும் பெயின்ட்டும் 24 மணி நேரம் காய வேண்டும். பிறகு படத்தின் மேல் வெள்ளைக் காகிதம் போட்டு, மூன்று புள்ளி உள்ள பருத்திச் சூட்டில், நீராவி இல்லாமல், பெட்டியை நகர்த்திக்கொண்டே 3 முதல் 5 நிமிடம் (டிரான்ஸ்ஃபர் கிரேயானுக்கு மட்டும், மேலே சொன்னபடி நகர்த்தாமல்). பாலியஸ்டர் கலப்பு என்றால் துணியின் லேபிளில் உள்ள சூட்டை மீற வேண்டாம். செய்தித்தாள் போட்டால் அதன் அச்சு மை துணியில் ஏறிவிடும். தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுப்பதாக இருந்தால், "அண்ணா, இதுக்குத் தண்ணி தெளிக்காதீங்க, காகிதத்தை எடுக்காம மேலயே போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கரிப்பெட்டியின் சூடு இதற்குத் தாராளமாகப் போதும். தெளிக்கும் தண்ணீர்தான் நிறத்தை ஓடவிடும். அதன் பிறகும் 3 நாள் கழித்தே முதல் சலவை.

உப்புத் தண்ணீரில் அல்லது வினிகரில் முக்கினால் நிறம் போகாது என்று பலர் சொல்கிறார்கள். சாயத் தொட்டியில் பருத்திக்கு உப்பும் கம்பளிக்கு வினிகரும் உதவும். துணிப் பேனாவில் நிறத்தைப் பிடித்து வைப்பது பிசின். அதற்குச் சூடுதான் வேண்டும், உப்பு எதுவும் செய்யாது.

துவைக்கும்போது உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் கசக்கினால் போதும். கல்லில் அடிப்பதும் பிரஷ் போடுவதும் பிசின் படலத்தை உரித்துவிடும். நிழலில் காயவைக்கவும். வெயிலில் முதலில் வெளிறுவது கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் ரோஸும் பச்சையும். கறுப்பும் அடர்நீலமும் அவற்றைவிட நெடுநாள் நிற்கின்றன. பிள்ளையின் பெயரைக் கறுப்பில் எழுதவைப்பது அதனால்தான்.

வாங்குவதாக இருந்தால் 24 நிறப் பெட்டியைவிட 8 அல்லது 10 நிறப் பெட்டியும், தனியாக இரண்டு கறுப்பும் வாங்குங்கள், முதலில் தீர்வது கறுப்புதான். பேனாக்களைப் படுக்கை வாட்டில் வைக்கவும். நிமிர்த்தி வைத்தால் நிறமி அடியில் தங்கி முனை வெளிறிப்போகும். குவளையில் செருகி வைத்த பேனாக்கள்தான் சீக்கிரம் வீணாகியிருக்கின்றன.