பந்தயம் முடிந்த குதிரையும் நானும்: சுங்கை சிப்புட் பயிற்சி முகாமில் இரண்டு ஆண்டுகள்

மருது எங்களிடம் வந்த இரண்டாம் நாளே என்னைக் கீழே தள்ளிவிட்டான். தள்ளிவிட்டான் என்றுதான் அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். இன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. நடந்தது இதுதான். அங்கவடியில் நான் கால் வைத்ததுமே அவன் நடக்க ஆரம்பித்தான். பாதி ஏறிய நிலையில் பயந்துபோய்க் கடிவாள வாரை இழுத்தேன். வேகமெடுத்தான். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஓட்டமே பிடித்துவிட்டான். கொட்டகைக்குப் பின்னால், செம்பனை வரிசையின் நாலாவது மரத்தடியில், காய்ந்த மட்டைகளின் மேல் விழுந்தேன். மட்டை முள் முழங்கையில் ஏறி, அதை எடுக்க கிளினிக்குக்குப் போக வேண்டியதாயிற்று. அப்பா மட்டும் "அவன் மேல தப்பு இல்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் தப்பில்லை என்று அவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

அதை விளக்கிய இடம்தான் இந்த முகாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பாதி வெட்டப்பட்ட பழைய பால்மரத் தோட்டம் ஒன்றின் திடலில் நடக்கிறது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளையும் அவற்றைப் புதிதாக எடுத்து வளர்ப்பவர்களையும் ஒன்றாக வைத்துப் பழக்குகிறார்கள். 2024 ஜனவரி தொடங்கி இதுவரை ஏழு முகாம்களுக்குப் போயிருக்கிறேன். முதல் முகாம் முடிந்த சூட்டில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இரண்டு ஆண்டு குதிரையோடு வாழ்ந்து பார்த்தபின் எழுதுவதுதான் நியாயம் என்று பட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் செம்பனை ஆலையில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். அப்பா ஈப்போ பந்தயத் திடலில் 28 ஆண்டுகள் சைஸாக, அதாவது குதிரைகளைக் கவனிப்பவராக, இருந்தவர். விடியற்காலை மூன்றரைக்கு லாயத்தில் நிற்பார். நான் பிறந்த அன்றும் ஒரு குதிரையின் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்ததாக அம்மா சொல்லுவார். மருது அவர் கடைசியாகக் கவனித்த குதிரை. நியூசிலாந்தில் பிறந்தவன், கரும்பழுப்பு நிறம், தோளில் சூட்டு எண். ஏழு வயதில் முன்கால் நரம்பு இழுத்துக்கொள்ள, பந்தயத்துக்கு ஆகமாட்டான் என்று முடிவாயிற்று. பந்தயக் குதிரைக்கு ஏழெட்டு வயதில் தொழில் முடிந்துவிடுகிறது. ஆயுளோ 25 வயதைத் தாண்டியும் போகும். மிச்சமுள்ள அத்தனை ஆண்டுகளை அது எங்கே கழிக்கும்? அப்பாவுக்கு அந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது; 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகம் அது. அடுத்த ஆண்டே பினாங்கிலும் பந்தயம் நின்றது. வேறு திடலுக்குப் போன குதிரைகள் போக, மற்றவற்றுக்கு வீடு தேட வேண்டியிருந்தது. முதல் முகாமில் நாங்கள் ஐந்து பேர். சென்ற ஆண்டு ஒரு முகாமில் பதினான்கு குதிரைகள் நின்றன.

முதல் நாள் காலை யாரையும் குதிரை மேல் ஏற விடவில்லை. பணம் கட்டியது சவாரி பழகத்தானே என்று ஒருவர் முணுமுணுத்தார். பயிற்சி தருபவர் ஒரு சீனப் பெண்மணி. எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களைப் பார்த்து மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் குதிரை மேல் இதுவரை ஆட்கள் எப்படி ஏறினார்கள்?" பதில் சொல்லத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். பந்தய லாயத்தில் குதிரையை நிறுத்தி வைத்து ஏறும் வழக்கமே குறைவு. குதிரை நடந்துகொண்டே இருக்கும். சைஸ் கூடவே நடந்து, ஜாக்கியின் இடது முழங்காலுக்குக் கீழே கை கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி மேலே போடுவார். "நான் எத்தனையோ ஆயிரம் தடவ தூக்கி விட்டிருக்கேன்" என்றார் அப்பா. டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் விழுந்ததற்கு அதுதான் காரணம். முதுகில் பாரம் ஏறினால் நட என்பதுதான் மருது படித்த பாடம். அவன் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறான்.

கடிவாளமும் அப்படித்தான். பந்தயத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடித்துக் குதிரையின் வாய்க்கு ஒரு பிடிமானம் கொடுக்கிறார். குதிரை அதில் சாய்ந்துகொண்டு ஓடுகிறது. நாம் நிறுத்துவதாக நினைத்து இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் அதற்கு "ஓடு" என்றுதான் கேட்கிறது. நம் காலால் விலாவை அழுத்தினால் என்ன அர்த்தம் என்றும் அதற்குத் தெரியாது. ஜாக்கியின் கால்கள் மேலே, சேணத்தோடு ஒட்டியே இருந்திருக்கின்றன. இந்த இரண்டும் புரிந்த அன்று மத்தியானம் மருதுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முழங்கைக் காயத்துக்காக அவனை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் வைத்திருந்தேன், பாவம்.

அன்று சாயங்காலம் செய்தது வெறும் மூன்று படிக் கட்டைப் பயிற்சி. குதிரைக்குப் பக்கத்தில் கட்டையைப் போட வேண்டும். முதல் படியில் ஏறி நின்று, இறங்க வேண்டும். மறுபடி ஏறி, முதுகில் கை வைத்து, இறங்க வேண்டும். பிறகு வயிறு படும்படி சேணத்தின் மேல் சாய்ந்து, இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் அசையாமல் நின்ற அந்த நொடியிலேயே கயிற்றைத் தளர்த்த வேண்டும். "லெப்பாஸ்! லெப்பாஸ்!" (விடு! விடு!) என்று டீச்சர் திடலின் மறுகோடியிலிருந்து கத்துவார். நான் தளர்த்த அரை நொடி தாமதித்தால்கூட அவர் கண்ணில் பட்டுவிடும். முப்பது தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருப்பேன். தொடை நடுங்கியது. கடைசியில் மருது கீழுதட்டைத் தொங்கவிட்டு, ஒரு பின்காலை மடக்கி ஓய்வாக நின்றான். அப்பா கயிற்றைப் பிடித்திருந்தார். 28 ஆண்டில் சேணம் போட்ட குதிரை ஒன்று இப்படி நின்று தான் பார்த்ததில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் லோரியில் சொன்னார்.

இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டிய காசு தகும். ஒரு வார இறுதிக்கு 380 வெள்ளி (ரிங்கிட்), குதிரைக்கு இரண்டு இரவு லாயம் சேர்த்து. லோரி வாடகை தனி.

ஆனால் என் குதிரையின் உயிரைக் காத்தது இந்தப் பாடமில்லை. முகாமில் உதவிக்கு இருக்கும் பெரியப்பா ஒருவர், அப்பாவின் பழைய கூட்டாளி. இரண்டாவது முகாமில், காலை பத்தரை இருக்கும், டிராட் (மெல்லோட்டம்) முடித்து நிறுத்தியபோது அவர் வந்து மருதுவின் காதுக்குக் கீழே கை வைத்தார். பிறகு கழுத்து, தொடையிடுக்கு. கையைத் திருப்பி என்னிடம் காட்டினார். "பாரு பாப்பா, ஈரமே இல்ல. வேர்க்கல." மற்ற குதிரைகளெல்லாம் நுரை தள்ள வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தன. மருது மட்டும் காய்ந்த துணி மாதிரி, மூக்கை விரித்து இரைத்துக்கொண்டு நின்றான். சும்மா நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8இலிருந்து 16 முறை மூச்சு விடும். நான் எண்ணிப் பார்த்தேன்: 72. உடல் சூடு 39.9, சாதாரணமாக 37.5க்கும் 38.5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

குளிர்நாட்டில் பிறந்த குதிரை நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓயாமல் வேர்த்து வேர்த்து, ஒரு கட்டத்தில் வேர்வைச் சுரப்பியே வேலை செய்வதை நிறுத்திவிடுவதுண்டு. குதிரைக்கு உடம்பைக் குளிர்விக்கப் பெரிய வழி வேர்வைதான். அது அடைபட்டால் உள்ளேயே வெந்து விழுந்துவிடும். அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றினோம். மூச்சு இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன் ஒரு மாதமாக அவன் சோர்ந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டு நடைமுறையே மாறியது. சவாரி காலை ஏழரைக்குள் முடிந்துவிடும். கொட்டகையில் இரண்டு பெரிய காற்றாடி. தீனியில் தினமும் உப்பு, மருத்துவர் எழுதிக் கொடுத்த தாதுப் பொடி. சவாரி முடிந்ததும் கை வைத்துப் பார்ப்பதை ஒரு நாளும் விட்டதில்லை. ஐந்து மாதம் கழித்துக் கழுத்தோரம் லேசாக ஈரம் கசிந்தது. அப்பா ஓடிவந்து அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

தீனி விஷயத்தில் இன்னொன்று. தோட்டத்தில் மாட்டுக்கு வெட்டும் நேப்பியர் புல்லைத்தான் மருதுவுக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் புல்லில் உள்ள ஒரு பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதையே மாதக்கணக்கில் தின்றால் குதிரை தன் எலும்பிலிருந்து சத்தை எடுக்கும், முக எலும்பே வீங்கிவிடும். அதோடு தவிடும் சேர்ந்தால் இன்னும் கெடுதி. நாங்கள் இரண்டையும் சேர்த்தே கொடுத்திருந்தோம். முகாமில் சொன்னபின் லூசர்ன் (குதிரைமசால்) வைக்கோல் வாங்கிக் கலக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை கடிக்கிறது. சவாரிக்கு முன் இரண்டு கைப்பிடி வைக்கோல் தின்ன விடுவதும் அங்கே கற்றதுதான். குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு ஓட்டினால் அது மேலே தெறித்துப் புண்ணாக்கும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை வயிற்றுப் புண்ணோடுதான் வெளியே வருகின்றன.

மூன்றாம், நான்காம் முகாம்கள் சத்தத்துக்குப் பழக்குவதற்கு. இது நம் ஊருக்கென்றே டீச்சர் செய்த ஏற்பாடு, எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கும் உறுமி மேளப் பையன்கள் நாலு பேரைத் திடலின் கடைசி மூலையில் வாசிக்கச் சொன்னார். மருது காதை விறைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். அவன் ஒரு அடி சத்தத்தை நோக்கி வைத்ததும் மேளம் நின்றது. மறுபடி வாசிப்பு, மறுபடி ஒரு அடி, மறுபடி அமைதி. நான்காம் முகாமின் கடைசி நாளில் உறுமிக்காரத் தம்பியின் தோளை மோந்து பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தம்பிக்குத்தான் கை நடுங்கியது. போன திருவிழாவில் எங்கள் வீட்டைத் தாண்டி மேளம் போனபோது மருது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குக் குனிந்தான்.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பதினான்கு குதிரை சேர்ந்த அந்த முகாமை நடத்தியிருக்கவே கூடாது. ஒரே ஒரு டீச்சர் எத்தனை பேரைப் பார்ப்பார்? எனக்குக் கிடைத்தது இரண்டு நாளில் மொத்தம் இருபது நிமிடம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு சவாரி வகுப்பு வைத்திருந்தார்கள். வெப்பத்தைப் பற்றி அவ்வளவு சொல்லிக்கொடுத்தவர்களே அப்படிச் செய்ததில் எனக்கு இன்றும் வருத்தம். அந்த வகுப்பில் நான் மருதுவை இறக்கவில்லை. சேணம் பொருந்துகிறதா என்று முதல் முகாமிலேயே பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் முகாமில்தான் பார்த்தார்கள், அதற்குள் பிடரிக்குக் கீழே, சேணம் அழுத்திய இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை முடி முளைத்துவிட்டது. பந்தயத்தை விட்ட குதிரையின் முதுகு முதல் ஆண்டிலேயே சதை போட்டு வடிவம் மாறிவிடும். வாங்கிய நாளில் பொருந்திய சேணம் ஆறு மாதத்தில் கடிக்கும். அந்த வெள்ளை முடி இனி போகாது. சேணத்தை இறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

வகுப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். பெரியப்பா இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். தமிழில் ஒரு பக்கக் குறிப்பாவது அடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். லாயங்களில் வேலை பார்த்த நம் ஆட்கள் எத்தனை பேர் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்! அவர்களுக்குத் தெரிந்ததையும் எழுதி வைக்க வேண்டும்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் கேட்க ஆள் இல்லை என்பதும் பெரிய குறை. மூன்று மாதத்துக்கு ஒரு முகாம். நடுவில் ஒரு சிக்கல் என்றால் டீச்சருக்கு வாட்ஸ்அப் போட்டுக் காத்திருக்க வேண்டும். சில நேரம் நாலு நாள் ஆகிறது.

குதிரையை எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னைக் கேட்டால், எடுப்பதற்கு முன்பே ஒரு முகாமுக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போங்கள் என்பேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. தீனி, லாடம், மருத்துவர் எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் 1,300 வெள்ளிக்குக் குறைவதில்லை. கொட்டகை சொந்தமாக இருந்தும், வேலையை அப்பாவும் நானுமே பார்த்தும் இந்தக் கணக்கு. இரண்டு ஆண்டாக எங்கேயும் சுற்றுலா போகவில்லை. பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 480 கிலோ எடையுள்ள, பயந்தால் முதலில் ஓடிவிடுகிற பிராணி இது.

இன்றைய நிலை: மருது கட்டை அருகே அசையாமல் நிற்கிறான். நடையிலும் டிராட்டிலும் வாரைத் தளரவிட்டே போகலாம். கேண்டர் (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) எடுத்தால் பழைய ஞாபகம் வந்து ஐந்தாறு அடிக்கு இழுப்பான். மூச்சை வெளியே விட்டு உட்கார்ந்தால் இறங்கி வருகிறான். வலப்பக்க வட்டம் இன்னும் விறைப்புத்தான். இடி இடித்தால் சவாரி கிடையாது.

அடுத்த முகாம் பொங்கல் கழிந்த சனிக்கிழமை. பத்துக் குதிரைக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று இந்த முறை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். சேணம் பார்க்க ஆள் முதல் நாளே வருகிறார். அப்பாவைப் புதியவர்களுக்குக் கயிறு பிடித்துக் காட்டச் சொல்லி டீச்சர் கேட்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் அவர் அந்த மூன்று படிக் கட்டையைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, ஆடிய ஒரு காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மருது பக்கத்தில் நின்று அவர் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தான்.