நங்கநல்லூர் மாடியில் மூன்று வருட ஆட்டோபைலட்

மாடி அறையில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், கரண்ட் போனால் காப்பாற்ற யூபிஎஸ். பெரும்பாலும் ஓட்டுவது செஸ்னா 172 என்ற சின்ன விமானம்; கருவிகளையெல்லாம் காட்ட அதில் ஜி1000 என்ற திரை உண்டு. வழக்கமான ரூட் சென்னை – திருச்சி: நேர்க்கோட்டில் சுமார் 160 நாட்டிக்கல் மைல், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

ஃப்ளைட் பிளானை ஏற்றி ஏபி (ஆட்டோபைலட்) பட்டனை அழுத்தினால் விமானம் தானாகப் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். போகாது. ஏபி மட்டும் அழுத்தினால் மூக்கை அப்போதிருந்த கோணத்திலேயே பிடித்துக்கொண்டு நேராகப் பறக்கும். பிளானின் கோட்டைப் பிடிக்க நாவ் என்ற பட்டனை அழுத்த வேண்டும். எந்த உயரம், எப்படி ஏறுவது என்பதெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏறும் விதத்தில்தான் முதல் அடி வாங்கினேன். ஏறும் வேகத்தை நாமே சொல்லும் விஎஸ் முறையை வைத்து நிமிடத்துக்கு 700 அடி கேட்டேன். கீழே சரியாகத்தான் ஏறியது. 7,000 அடியைத் தாண்டியதும் இன்ஜினுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. ஆட்டோபைலட்டோ கேட்ட 700-ஐக் கொடுக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. வேகம் 80, 70, 60 என்று விழுந்து, இனி இறக்கை தாங்காது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஹார்ன் கத்திவிட்டது. இந்த செஸ்னாவில் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் நம் கையில்தான், ஆட்டோபைலட் தொடாது. அன்றிலிருந்து ஏறுவதற்கு எஃப்எல்சி என்ற முறை மட்டுமே. அது வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு முடிந்த அளவு ஏறும்.

இறங்குவதுதான் இதில் பெரிய பாடம். திருச்சியிலிருந்து திரும்பி சென்னையின் 25-ஆம் ரன்வேயில் இறங்க, கடல் மேலே போய்த் திரும்பி, சாந்தோம் பக்கம் கரையைத் தாண்டி வர வேண்டும். கரை ரன்வேயிலிருந்து சுமார் 6 மைல். 3 டிகிரி சரிவில் அங்கே 2,000 அடியை ஒட்டி இருக்க வேண்டும். ஒருநாள் ஐஎல்எஸ் (ரன்வேக்கான திசையையும் சரிவையும் காட்டும் ரேடியோ வழிகாட்டி) அலைவரிசை போட்டு, அப்ரோச் பட்டனும் அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். கரை வந்தது, பரங்கிமலை வந்தது, விமானம் இறங்கவே இல்லை. அதே உயரத்தில் மீனம்பாக்கத்தைக் கடந்து போனது. பிறகுதான் பார்த்தேன், நடுவில் உள்ள ஊசி மஜந்தா நிறத்தில் இருந்தது. மஜந்தா என்றால் ஜிபிஎஸ், பச்சை என்றால் ஐஎல்எஸ். ஊசி எதைப் பின்பற்றுவது என்று மாற்றும் சிடிஐ பட்டனை அழுத்தி மாற்றியிருக்க வேண்டும். நான் மாற்றவில்லை.

இன்னொன்று: சரிவைக் கீழிருந்துதான் பிடிக்க வேண்டும். தாமதமாக இறங்க ஆரம்பித்து மேலிருந்து துரத்தினால் பெரும்பாலும் சிக்காது. ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்று கணக்கு வைத்திருக்கிறேன்: 6,000 அடி இறங்க 18 மைல், வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம்.

பெரிய பயணிகள் விமானமான ஏ320 இப்போதுதான் பழகுகிறேன். குமிழைத் தள்ளினால் பிளான்படி, இழுத்தால் நம் சொல்படி. பெயர் வேறே தவிர விஷயம் ஒன்றுதான்.

போன வாரம் செஸ்னாவில் சென்னையில் இறங்கும்போது அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அதான் ஆட்டோ போட்டாச்சே, இன்னும் எதுக்கு உத்துப் பாத்துட்டே இருக்கீங்க?"

"திரையில மேல பச்சையில என்ன எழுதியிருக்கு, படி."

"ஏபி, லாக், ஆல்ட்."

"பக்கத்துல வெள்ளையில?"

"ஒண்ணும் இல்ல மாமா."

பச்சை என்றால் இப்போது நடப்பது: லாக் ஐஎல்எஸ்ஸின் திசைக்கோடு, ஆல்ட் அதே உயரம். வெள்ளை என்றால் அடுத்து நடக்கத் தயாராக இருப்பது; சரிவைப் பிடிக்க எதுவும் தயாராக இல்லை. கரைக்கு இன்னும் 4 மைல். அப்ரோச் பட்டனை அவனையே அழுத்தச் சொன்னேன்.